குளிப்பாட்டுன ரெண்டாம் நாளே நாய் நாறுதுன்னா: சோப்பா, வேப்பிலையா, பார்லரா, மருந்து ஷாம்பூவா, டாக்டரா?

போன வாரம் திருவாரூர்லேருந்து எங்க அக்கா மவன் போன் பண்ணான். "சித்தி, எங்க டாமி ரொம்ப நாறுது, அம்மா கூடத்துக்குள்ள விடவே மாட்டேங்குறாங்க, நீங்க ஜிம்மிக்கு ஒரு ஷாம்பூ வாங்குனீங்கள்ல, அது பேரு என்ன?"ன்னு கேட்டான். நான் பேரு சொல்லல. "எந்த இடத்துலேருந்து நாறுதுன்னு பாத்தியாடா?"ன்னு திருப்பி கேட்டேன். "எந்த இடம்னா... நாய் முழுக்கத்தான் சித்தி"ன்னான். ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட யாராவது கேட்டிருந்தாலும் நானும் இதையேதான் சொல்லிருப்பேன். அப்படி கேக்க அன்னைக்கு ஆளில்ல, அதனால எங்க ஜிம்மி ரெண்டு மாசத்துக்கு மேல காது வலியோட கெடந்தான், நாங்க அவனை மாத்தி மாத்தி குளிப்பாட்டிகிட்டே இருந்தோம். அதை நெனச்சா இன்னைக்கும் மனசு கனக்குது. அவனுக்கு போன்ல சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், நாங்க எதையெல்லாம் செஞ்சு பாத்தோம், எது எதுக்கு உதவுச்சு, எதுல பணமும் நாளும் வீணா போச்சுன்னு.

எங்க வீடு மன்னார்குடிக்கு பக்கத்துல, பாமணி ஆத்துலேருந்து பிரியுற ஒரு வாய்க்கா கரையோரம். வீட்ல ரெண்டு நாய். ஜிம்மி லேப்ரடார், அப்ப அவனுக்கு 5 வயசு. இன்னொருத்தன் கருப்பன், நாட்டு நாய், வயலு களம் வைக்கோப்போருன்னு சுத்துறவன், வருஷத்துக்கு நாலு தடவ குளிப்பாட்டுனாலே அதிகம். ஆனா கருப்பன்கிட்ட நாத்தமே வராது. மழையில நனைஞ்சா கொஞ்ச நேரம் ஈர வாடை அடிக்கும், காஞ்சதும் போயிடும். வீட்டுக்குள்ள ஃபேனுக்கு கீழ படுத்து வாரம் தவறாம குளிச்ச ஜிம்மிதான் நாறுனான். இதை பாத்தே எங்களுக்கு புரிஞ்சிருக்கணும், குளிக்காததுனால வர்ற நாத்தம் இல்ல இதுன்னு.

ஆரம்பிச்சது ஐப்பசி அடமழையில. நம்ம ஊர்ல வடகிழக்கு மழை அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் விடாது, துணியே ரெண்டு நாளைக்கு காயாது, நாய் எங்க காயும். மொதல்ல ஈர நாய் வாடைன்னுதான் நெனச்சோம். இந்த ஈர வாடை ஏன் வருதுன்னா நாய் தோல்லயும் முடியிலயும் எப்பவும் இருக்கற சின்ன கிருமிங்க ஒரு விதமான வாடைப் பொருளை உண்டாக்கிகிட்டே இருக்கும், தண்ணி பட்டு அது ஆவியாகும்போது அந்த வாடையும் சேந்து கெளம்பி நம்ம மூக்குக்கு வரும். எல்லா நாய்க்கும் உண்டு, நோய் கெடையாது, தொடச்சு காய வச்சா போயிடும். ஜிம்மிக்கு காஞ்ச பிறகும் போகல. சிக்கு புடிச்ச எண்ணெய் மாதிரி, ஊசிப்போன தோசை மாவு மாதிரி, ரெண்டும் கலந்த ஒரு வாடை.

சரி, முதல்ல சோப்பு. எல்லாரும் செய்யுறதைத்தான் நாங்களும் செஞ்சோம், வாரம் ஒரு குளியலை ஒண்ணு விட்ட ஒரு நாள்னு ஆக்கினோம், நாங்க தேச்சுக்குற அதே குளியல் சோப்பு. குளிச்ச அன்னைக்கு நல்லா இருப்பான், மறுநாள் சாயந்தரம் லேசா ஆரம்பிக்கும், மூணாம் நாள் பழையபடி. ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா முதுகுல பொடுகு மாதிரி வெள்ளையா உதிருது, அக்குள்ல செவந்து போயிருக்கு, ராத்திரி பூரா சொறியுறான். மனுஷ தோல் லேசா அமிலத்தன்மை உள்ளது, நாய் தோல் நடுநிலைக்கு பக்கம். நமக்கு செஞ்ச சோப்பு அதுக்கு ஒத்து வராது, தோலை காப்பாத்துற எண்ணெய் பசையை உரிச்சு எடுத்துடும். தோல் வறண்டு வெடிச்சா கிருமிக்கு உள்ள போக வழி கெடச்ச மாதிரி ஆயிடும். போதாக்குறைக்கு லேப்ரடாருக்கு மேல் முடிக்கு கீழ பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு முடி இருக்கு, மேல தொட்டா காஞ்ச மாதிரி தெரியும், விரலை உள்ள விட்டு பாத்தா ஈரம். மழைக்காலத்துல ஒண்ணு விட்ட ஒரு நாள் குளிப்பாட்டுனா அந்த ஈரம் எப்பவுமே போகாது. நாத்தத்தை போக்குறோம்னு நெனச்சு நாத்தத்துக்கு தோதான எடத்தை நாங்களே பண்ணி கொடுத்தோம்.

ஆனா சோப்பு குளியலை முழுசா வேண்டாம்னும் நான் சொல்ல வரல. ஜூன்ல மேட்டூர் தெறந்து வாய்க்கால்ல புதுத்தண்ணி வந்ததும் இதுங்க போற ஆட்டம் இருக்கே, சேத்துல உருண்டு, செத்த நண்டு மேல முதுகை தேச்சுகிட்டு வந்து நிக்கும், அதுக்கு நல்ல குளியல்தான் வழி, நாய்க்குன்னு விக்கிற சாதாரண ஷாம்பூ போதும். தேச்சு அலசி, பழைய துண்டால ரெண்டு தடவ தொடச்சு, ஃபேன் காத்துல இல்ல வெயில்ல நல்லா காய வச்சுட்டு, அதுக்கப்புறம் எத்தனை நாள்ல வாடை திரும்புதுன்னு பாருங்க. ரெண்டு மூணு வாரம் தாங்குதுன்னா அது வெறும் அழுக்கு, கவலையே வேணாம். ரெண்டு மூணு நாள்ல திரும்புதுன்னா குளியலை கூட்டாதீங்க, வேற காரணம் தேடுங்க. நான் எழுதுறதுல இந்த ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுகிட்டாலும் போதும்.

அடுத்தது வேப்பிலை. எங்க மாமியார் சொன்னாங்க, "சோப்பை நிறுத்து, வேப்பிலையும் மஞ்சளும் கொதிக்க வச்சு ஊத்து, ஆடு மாட்டுக்கெல்லாம் அதான் செய்வோம்"னு. செஞ்சோம். வேப்பிலை தண்ணி கெட்டது கெடையாது, சோப்போட ஒப்பிட்டா தோலுக்கு எவ்வளவோ மேல், லேசான அரிப்புக்கு இதமா இருக்கும், ஆற வச்சு கடைசி அலசலுக்கு ஊத்தலாம். ஜிம்மிக்கு பொடுகு கொறஞ்சது, அது உண்மை. நாத்தம் கொறையல. கெளம்பிட்ட ஒரு நோயை அடக்குற அளவுக்கு அதுக்கு வலு பத்தாது, காதுக்குள்ள அது போகவும் போகாது. மாமியார் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவங்க சொன்னதுல பாதி பலிச்சுது.

ஆனா வீட்டு வைத்தியத்துலயே கெடுதலானதும் இருக்கு, அதை தெளிவா சொல்லிடணும். அக்கம்பக்கத்துல ஆளாளுக்கு சொல்லுவாங்க. பினாயில் கலந்த தண்ணி ஊத்துன்னு ஒருத்தர் சொன்னார், கூடவே கூடாது, நாய் ஒடம்பை நக்குற பிராணி, மேல ஊத்துனது எல்லாம் வயித்துக்குள்ள போகும். படுக்குற எடத்துல பாச்சா உருண்டை போடுறது, கற்பூரம் கரைச்சு தேய்க்குறது, டீ ட்ரீ ஆயில் தடவுறது, இது எல்லாமே நாய்க்கு விஷம். தேங்காண்ணெய் விஷம் இல்லதான், ஆனா பிசுக்கா நாறுற தோல்ல தடவாதீங்க, அந்த சிக்கு வாடையை உண்டாக்குற ஈஸ்ட் கிருமி எண்ணெய் பசையிலதான் செழிக்கும். வினிகரை தண்ணி கலந்து ஊத்துறதுண்டு, புண்ணோ கீறலோ இருந்தா பொறுக்க முடியாம எரியும், பாவம் அது வாயத் தெறந்து சொல்லவும் முடியாது.

பவுடர், சென்ட் ஸ்ப்ரே பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. விருந்தாளி வர்ற அன்னைக்கு ஒரு மணி நேரம் தாங்கும். அவ்வளவுதான். நம்ம மூக்கை விட பல மடங்கு கூர்மையான மூக்கு அதுக்கு, அந்த சென்ட்டை நாள் முழுக்க மோந்துகிட்டே கெடக்கணும்.

பார்லர் கதை வேற. டவுன்ல ஒரு எடத்துல கூட்டிட்டு போய் விட்டோம், குளியல், முடி சீவறது, நகம் வெட்டுறது எல்லாம் சேத்து 1200 ரூபா ஆச்சு. நல்லா ட்ரையர் போட்டு அடி முடி வரைக்கும் காய வச்சு கொடுத்தாங்க, அது நம்மால வீட்ல முடியாதது, நீள முடி நாய் வச்சிருக்கறவங்களுக்கு, ஷிட்சூ, பொமேரியன், கோல்டன் மாதிரி, மழைக்காலத்துல மாசம் ஒரு தடவ போறது நியாயமான செலவுன்னுதான் இன்னமும் சொல்லுவேன். எங்களுக்கு நடந்தது என்னன்னா குளிப்பாட்டும்போது காதுக்குள்ள தண்ணி போயிருச்சு, ரெண்டே நாள்ல ஜிம்மி தலையை ஒரு பக்கமா சாய்ச்சுகிட்டு காதை தரையில தேய்க்க ஆரம்பிச்சான். ஏற்கனவே உள்ள இருந்தது கெளறி விட்ட மாதிரி ஆயிடுச்சு. பார்லருக்கு அனுப்பறீங்கன்னா காதுல பஞ்சு வைக்க சொல்லுங்க, குளிச்சு முடிஞ்சதும் மறக்காம எடுக்கவும் சொல்லுங்க. இன்னொண்ணு, சில எடத்துல குளியலோட சேத்து ஆசனவாய் ஓரத்துல இருக்கற பின்பக்க சுரப்பியையும் பிதுக்கி விடுவாங்க, தொந்தரவு இல்லாத நாய்க்கு அதை செய்ய வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, சும்மா இருக்கறதை அமுக்கி அமுக்கி புண்ணாக்கிடும்.

மருந்து ஷாம்பூவுக்கு வர்றேன், அக்கா மவன் கேட்ட சங்கதி இதுதான். குளோர்ஹெக்ஸிடின்னு ஒரு மருந்து, அதோட மைக்கோனசோல் இல்லன்னா கீட்டோகோனசோல் சேந்து வரும், ஒண்ணு பாக்டீரியாவையும் இன்னொண்ணு ஈஸ்ட்டையும் அடக்கும். தோல்லேருந்து வர்ற நாத்தத்துக்கு இது நெசமாவே வேலை செய்யும், தோல் பாக்குற கால்நடை டாக்டருங்க முதல்ல எழுதுறதும் இதைத்தான். நாங்க வாங்குன சின்ன பாட்டில் 500 ரூபாக்கு பக்கம் ஆச்சு. லேப்ரடார் சைசுக்கு அது நாலஞ்சு குளியலுக்கு மேல வராது, அதை கணக்கு பண்ணிக்கங்க. நெறய பேர் இதை வாங்கி "ஒண்ணும் கேக்கல"ன்னு சொல்றதுக்கு காரணம் தேச்ச ஒடனே அலசிடுறதுதான். நுரை வந்த பிறகு 10 நிமிஷம் தோல்ல ஊறணும், கடிகாரம் பாத்து 10 நிமிஷம், அதுவரைக்கும் நக்க விடாம புடிச்சுக்கணும், கண்ணுல படக்கூடாது. வாரத்துக்கு ரெண்டு தடவ, கொறஞ்சது மூணு வாரம். நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சதும் பாதியில நிறுத்துனா திரும்ப வரும்.

ஜிம்மிக்கு அக்குளு, கழுத்து மடிப்பு, கால் விரல் இடுக்கு, இங்கேயெல்லாம் இருந்த சிக்கு வாடை இந்த ஷாம்பூல மூணு வாரத்துல சுத்தமா போயிடுச்சு. அப்பவும் அவன் பக்கத்துல வந்து மடியில தலை வச்சா அதே வாடை. அப்பதான் என் பொண்ணு அவன் காது மடலை தூக்கி மோந்து பாத்துட்டு "அம்மா, இங்கேருந்துதான்"னா. உள்ள கரும்பழுப்பா மெழுகு மாதிரி அப்பியிருந்துச்சு. தொட்டதும் கத்துனான். அதுவரைக்கும் என்மேல ஒரு தடவ கூட உறுமாத பிள்ளை அன்னைக்கு உறுமுனான்.

ஒடனே ஒரு பட்ஸ் எடுத்து தொடைக்கத்தான் கை போச்சு, நல்ல வேளை செய்யல. நாய் காதுக்குள்ள போற குழாய் நம்மளோடது மாதிரி நேரா போறது இல்ல, கீழ எறங்கி அப்புறம் உள்ளுக்கு திரும்பும், பட்ஸ் விட்டா அழுக்கு அந்த வளைவுலயே போய் அடைச்சுக்கும். காது தொங்குற நாய்ங்களுக்கு, லேப்ரடார், காக்கர், பீகிள் எல்லாம், காத்து உள்ள போகாம வெக்கையும் ஈரமுமா இருக்கும், அதுலயும் லேப்ரடார் தண்ணியில விழுற ஜாதி. கருப்பன் ஏன் நாறலன்னு இப்ப புரியுதா, அவன் காது வெறச்சு நிக்குது, காத்து போய் வருது, முடி குட்டை, வெயில்ல 10 நிமிஷத்துல காஞ்சுடுறான்.

டாக்டர்கிட்ட போறதுலயும் வித்தியாசம் உண்டு. முதல்ல பக்கத்து டவுன்ல ஒருத்தர்கிட்ட காட்டுனோம், மேலால பாத்துட்டு ஒரு ஊசி போட்டு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார், ஒரு வாரம் நல்லா இருந்து திரும்ப வந்துருச்சு. அப்புறம்தான் ஒரத்தநாட்டுல இருக்கற கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போனோம். 2012ல ஆரம்பிச்ச காலேஜ் அது, நம்ம டெல்டா ஜனங்க நெறய பேர் அது மாட்டுக்குன்னுதான் நெனச்சுகிட்டு இருக்காங்க, நாய்க்கும் பாக்குறாங்க. பஸ்ல ஏத்த மாட்டாங்கன்னு தெரிஞ்ச பையன் ஒருத்தனோட டாட்டா ஏஸ்ல காலையிலயே கெளம்பி போனோம். அங்க முதல்ல காதுக்குள்ள ஒரு விளக்கு வச்ச கருவியை விட்டு செவிப்பறை கிழிஞ்சிருக்கான்னு பாத்தாங்க. அப்புறம் அந்த அழுக்குல கொஞ்சம் எடுத்து கண்ணாடியில தேச்சு, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்ல பாத்தாங்க. ஒரு மாணவி எங்களை கூப்ட்டு காட்டுச்சு, நடுவுல இடுங்குன கடலைக்காய் மாதிரி குட்டி குட்டியா நெறஞ்சு கெடந்துச்சு. அதான் ஈஸ்ட், மலசீசியான்னு பேரு. எல்லா நாய் தோல்லயும் கொஞ்சூண்டு இருக்குமாம், ஈரமும் பிசுக்கும் கூடுனா, இல்ல ஒடம்புல அலர்ஜி இருந்தா பெருகிடுமாம்.

காதை கழுவி விட்டு, சொட்டு மருந்தும் காது கழுவுற திரவமும் எழுதி கொடுத்தாங்க. கழுவுற முறையையும் சொல்லி கொடுத்தாங்க, திரவத்தை காது நெறய ஊத்தணும், காதோட அடியை வெளிலேருந்து அரை நிமிஷம் மெதுவா பிசையணும், சளக் சளக்னு சத்தம் கேக்கும், விட்டுடணும், அது தலையை உதறும், அழுக்கு மேல வரும், வந்ததை மட்டும் பஞ்சால தொடைக்கணும். மூணு வாரம் செஞ்சோம். முதல் வாரத்துலயே வாடை பாதி போச்சு, மூணாவது வாரம் மறுபடி கூட்டிட்டு போய் சாம்பிள் பாத்து சரியாயிடுச்சுன்னு சொன்ன பிறகுதான் மருந்தை நிறுத்துனோம். சோப்பு, பார்லர், ஷாம்பூன்னு எல்லாத்துக்கும் செலவழிச்சதை கூட்டி பாத்தா வண்டி வாடகையோட ஒரத்தநாட்டுக்கு ஆனதை விட அதிகம்.

பக்கத்துல இருக்கற அரசு கால்நடை மருந்தகம், நம்ம ஜனங்க மாட்டாஸ்பத்திரின்னு சொல்றது, அதையும் சாதாரணமா நெனைக்காதீங்க. உண்ணி, சொறி, புண்ணு, பின்பக்க சுரப்பி, இதுக்கெல்லாம் அதுவே போதும், செலவும் கம்மி. மைக்ரோஸ்கோப் வச்சு பாக்குற வசதி எல்லா எடத்துலயும் எதிர்பாக்க முடியாது. என் கருத்து, முதல் தடவ பக்கத்துல காட்டுங்க, ஒரே பிரச்சனை மருந்து முடிஞ்ச கொஞ்ச நாள்ல ரெண்டாவது தடவ வந்தா சாம்பிள் எடுத்து பாக்குற எடத்துக்கு போயிடுங்க. எதை செய்யக்கூடாதுன்னா, வீட்ல மிச்சமிருக்கற பழைய சொட்டு மருந்தையோ மனுஷ காது மருந்தையோ ஊத்துறது. செவிப்பறை கிழிஞ்சிருந்தா சில மருந்து உள் காது வரைக்கும் போய் காது கேக்காமலே ஆக்கிடும்.

இப்ப மோந்து பாக்குறதுக்கு வர்றேன், கூச்சப்படாம செய்யணும், குளிப்பாட்டி காஞ்ச அடுத்த நாள் செய்யணும், ஈரத்துல எல்லாம் கலந்து அடிக்கும். வாய்லேருந்து ஆரம்பிங்க. ஒதட்டை தூக்கி பல்லு பாருங்க, ஈறு ஓரம் மஞ்சளா பழுப்பா கல்லு மாதிரி படிஞ்சிருந்து ஈறு செவந்திருந்தா நாத்தம் அங்கேருந்துதான். 3 வயசு தாண்டுன நாய்ங்கள்ல இது சர்வசாதாரணம், பொமேரியன் மாதிரி சின்ன நாய்க்கு இன்னும் சீக்கிரம் வரும். நம்ம டூத்பேஸ்ட் போட்டு தேய்க்காதீங்க, அதுல இருக்கற ஃப்ளோரைடு அது முழுங்குனா ஆகாது, சிலதுல சைலிடால்னு ஒரு இனிப்புப் பொருள் இருக்கும், அது நாய்க்கு கொடிய விஷம். நாய் பேஸ்ட் தனியா விக்குது, தெனம் தேச்சா புதுசா படியாது. ஏற்கனவே கல்லா படிஞ்சதை மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் சுத்தம் பண்ணணும், எந்த ஷாம்பூவாலயும் இதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. வாய் மூத்திர வாடை அடிச்சா, அதுவும் வயசான நாய், சரியா சாப்பிடாம எளச்சு போகுதுன்னா, கிட்னி ரத்தப் பரிசோதனை பண்ணுங்க, பல்லுன்னு நெனச்சு விட்டுடாதீங்க.

அடுத்தது காது, அதைப் பத்தி மேலயே சொல்லிட்டேன். அப்புறம் கழுத்து பெல்ட், இதை யாரும் பாக்குறதே இல்ல, நைலான் பெல்ட் ஈரத்தை இழுத்து வச்சுகிட்டு நாய் காஞ்ச பிறகும் நாறும், கழட்டி தனியா மோந்து பாருங்க. அப்புறம் அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு. தோல் கருத்து தடிச்சு யானைத் தோல் மாதிரி ஆயிருந்தா அது பழைய ஈஸ்ட் தொந்தரவு, ஷாம்பூ மட்டும் பத்தாது. கடைசியா பின்பக்கம். கவுச்சி வாடை, கருவாட்டுக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி திடீர்னு அடிச்சு மறையுதுன்னா, நாய் குண்டியை தரையில தேச்சுகிட்டே இழுத்துகிட்டு போகுதுன்னா, ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் இருக்கற சுரப்பி அடைச்சிருக்கு. நம்ம பக்கத்துல இதைப் பாத்ததும் பூச்சின்னு சொல்லி பூச்சி மருந்து கொடுத்துடுவாங்க, பெரும்பாலும் இந்த சுரப்பிதான். டாக்டர் ரெண்டு நிமிஷத்துல பிதுக்கி விட்டுடுவார், விட்டா சீழ் புடிச்சு ஒடைஞ்சு பெரிய புண்ணாயிடும். வேக வச்ச பரங்கிக்காய் ரெண்டு ஸ்பூன் சோத்துல பெசஞ்சு கொடுத்தா நார்ச்சத்துல மலம் கெட்டியா போகும், கெட்டியா போனாத்தான் அந்த சுரப்பி தானா காலியாகும். எங்க எதிர்வீட்டு பெரியம்மா அவங்க பொமேரியனுக்கு அப்படித்தான் பாத்துக்குறாங்க.

இன்னும் ரெண்டு நாத்தம் இருக்கு, அதுக்கு எதையும் ஒப்பிட்டு பாத்துகிட்டு உக்காரக் கூடாது, அன்னைக்கே தூக்கிட்டு ஓடணும். ஒண்ணு, கருத்தடை பண்ணாத பொட்ட நாய், சூட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள பின்னாடி சீழ் மாதிரி வடியுது, நாறுது, தண்ணி தண்ணின்னு குடிக்குது, சோறு எறங்கல. அது கர்ப்பப்பையில சீழ், தாமதம் பண்ணா உசுரு போயிடும். சில நாய்க்கு வடியாமலே உள்ளயே கட்டிக்கும், அது இன்னும் மோசம். ரெண்டாவது, மழைக்காலத்துல புழு வச்ச புண்ணு. முடிக்குள்ள சின்ன கடிக்காயமா இருக்கும், ஈ மொச்சு முட்டை போட்டு ரெண்டு நாள்ல உள்ள புழு நெளியும், அழுகுன கறி வாடை அடிக்கும். கருப்பனுக்கு ஒரு தடவ காது பின்னாடி அப்படி ஆச்சு, ஆளுங்க பெட்ரோல் ஊத்துன்னாங்க, ஊத்தாம மருந்தகத்துக்கு கொண்டு போனோம், சுத்தம் பண்ணி ஊசி போட்டு விட்டாங்க, பொழச்சுகிட்டான்.

சாப்பாட்டை மாத்துனா நாத்தம் போகுமான்னும் கேக்குறாங்க. காரணம் உணவு அலர்ஜியா இருந்தா போகும், ஆனா அது கடைசியா பாக்க வேண்டிய வழின்னுதான் சொல்லுவேன். திரும்ப திரும்ப காதும் தோலும் கெடுது, மத்த எல்லாம் பாத்தாச்சுன்னா, இதுவரை அது சாப்பிடாத ஒரே ஒரு வகை கறியும் ஒரே ஒரு தானியமுமா 8 வாரம் கொடுத்து பாக்கணும், நடுவுல ஒரு பிஸ்கட் போட்டாலும் கணக்கு கெட்டுடும், கூட்டுக் குடும்பத்துல அது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு தெரியும், தாத்தா கையிலேருந்து எப்படியும் ஒரு துண்டு விழுந்துடும். அலர்ஜி இருக்கோ இல்லையோ, வெங்காயம் பூண்டு போட்ட சாம்பார் சோத்தை இன்னைக்கே நிறுத்துங்க, நாத்தத்துக்காக இல்ல, அது நாய் ரத்தத்தை கெடுக்கும்.

படுக்கையை பத்தி சொல்லாம விட்டா பாதி வேலை பாக்கி. எங்க வீட்ல ஜிம்மிக்கு போட்டிருந்தது நெல்லு சாக்கு. சாக்கு ஈரத்தை குடிச்சா விடாது, அடியில சிமெண்டுத் தரை, கார்த்திகை மாசத்துல அதை தூக்கி பாத்தா கீழ பூஞ்சணம் பூத்துருந்துச்சு. நாயை என்னதான் கழுவுனாலும் அது திரும்ப அதே சாக்குல போய்த்தான் படுக்கும். சாக்கை தூக்கி போட்டுட்டு பழைய பருத்திப் பொடவை ரெண்டு மூணு மடிச்சு போட்டோம், வாரம் ஒரு தடவ சுடுதண்ணியில அலசி மாத்துறோம், கீழ ஒரு பலகை. மழை விடுற அன்னைக்கெல்லாம் வெயில்ல போட்டுடுவேன். செலவே இல்லாம பெரிய பலன் கொடுத்தது இதுதான், முதல் நாளே செஞ்சிருக்கலாம்.

இப்ப ஜிம்மிக்கு 7 வயசு. மாசத்துக்கு ஒரு தடவ சாதாரண குளியல், வாய்க்கால்ல குதிச்சுட்டு வந்தா வெறுந்தண்ணி ஊத்தி தொடச்சு காதை மட்டும் அந்த திரவத்தால கழுவி விடுறது, ஐப்பசியிலேருந்து மார்கழி வரைக்கும் வாரம் ஒரு தடவ காது பாக்குறது. மருந்து ஷாம்பூ அலமாரியில இருக்கு, விரல் இடுக்குல வாடை ஆரம்பிச்சா மட்டும் எடுப்போம்.

அக்கா மவன் முந்தாநாள் திரும்ப கூப்ட்டான். நான் சொன்ன மாதிரியே குளிப்பாட்டி காய வச்சு, மறுநாள் தலையிலேருந்து வால் வரைக்கும் மோந்து பாத்திருக்கான். "சித்தி, காது நல்லா இருக்கு, பின்னாடியும் ஒண்ணும் இல்ல, வாய்தான்"ன்னு சொல்லி போட்டோ அனுப்புனான். கடவாப் பல்லு ரெண்டு பக்கமும் கல்லு புடிச்சு, ஒரு எடத்துல ஈறுலேருந்து ரத்தம் கசியுது. அந்த பிள்ளை எத்தனை நாளா அந்த வலியோட சோறு தின்னுச்சோ. திங்கக்கெழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன்னு சொல்லிருக்கான், அதுவரைக்கும் எலும்பு போடாத, சோத்தை கொழைச்சு ஆற வச்சு கொடுன்னு சொல்லிருக்கேன்.